நாய்க்குட்டிக்குக் கடிக்க எதைக் கொடுக்கலாம்?

உங்கள் வீட்டில் மூன்றரை மாத லேப்ரடார் குட்டி இருக்கிறது. செருப்பு, நாற்காலிக் கால், சார்ஜர் ஒயர் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. கடைக்காரர் முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு ஒன்றைக் கொடுத்து, பல்லுக்கு நல்லது என்றிருக்கிறார். உங்கள் மாமியாரோ குழம்பில் கிடக்கிற கோழி எலும்பே போதும், காலங்காலமாக நாய்கள் அதைத்தானே தின்கின்றன என்கிறார். இரண்டில் எது பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ஒரு மணி நேரமாவது குட்டி தானாக இருந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, பதினெட்டு ஆண்டுகளாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தின்றால் தீர்ந்துபோகிற எதையும் கொடுத்துவிட்டு நீங்கள் முதுகைத் திருப்பி உட்கார முடியாது. தின்ன முடியாத, சரியான அளவுள்ள ரப்பர் பொம்மை என்றால், சில நாள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு உட்காரலாம்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. நேற்று அந்த வெள்ளை எலும்பின் பாதி முடிச்சைக் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விழுங்கியது சிறு துண்டாக இருந்தால் பெரும்பாலும் வயிற்றில் ஊறி, மலத்தோடு வெளியேறிவிடும். பெரிய துண்டாக இருந்தால் உணவுக்குழாயிலோ இரைப்பையின் வாயிலோ குடலிலோ சிக்கலாம். அடுத்த மூன்று நாள் கவனமாகப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீர்கூட நிற்காமை, எச்சில் வழிதல், எதையோ விழுங்குவதுபோல் ஓயாமல் தொண்டையை அசைத்தல், முன்னங்காலைத் தரையில் படுக்கவைத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்றல், முக்கியும் மலம் வராமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த வெள்ளை எலும்பு உண்மையில் மாட்டுத்தோல், அது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால், என்ன விழுங்கியது என்று நீங்களே சொல்லிவிடுவது முக்கியம். மிச்சத் துண்டையும் எடுத்துப் போங்கள். வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் மட்டும் புகட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி, விழுங்கிய துண்டைவிடப் பெரிய ஆபத்தில் முடியும்.

இப்போது குட்டி ஏன் இப்படிக் கடிக்கிறது என்று பார்ப்போம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. பிறந்த மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி இரண்டாம் மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும், ஐந்து ஆறு மாதத்தில் கோரைப்பற்கள் மாறும், ஏழு மாத வாக்கில் நிரந்தரப் பற்கள் 42 என்று கணக்கு நிறைவாகும். உங்கள் குட்டி சரியாக அந்த வாசலில் நிற்கிறது. ஈறு ஊறும், வலிக்கும், கடித்தால் சற்று இதமாக இருக்கும். கடிக்கிற பொருளில் லேசாக இரத்தம் ஒட்டியிருந்தாலோ தரையில் அரிசி அளவில் ஒரு பல் கிடந்தாலோ பயப்படாதீர்கள். பெரும்பாலான குட்டிகள் விழுந்த பல்லை விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதே அபூர்வம். இது பல் வலியால் மட்டும் வருகிற பழக்கமும் அல்ல. நமக்குக் கை எப்படியோ அப்படி நாய்க்கு வாய். புதிய பொருளைத் தெரிந்துகொள்ள வாயில் வைத்துத்தான் பார்க்கும். ஆகவே பல் மாறி முடிந்ததும் கடிப்பது நின்றுவிடும் என்று காத்திருக்காதீர்கள், லேப்ரடார் ஒன்றரை வயதுவரைகூடக் கடிக்கும்.

பால்பல் ஊசிபோல் கூர்மையானது, ஆனால் மெலிந்தது, எளிதில் உடையும். உடைந்தால் எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பல்லின் நடுவில் உள்ள கூழ் திறந்துவிட்டால் கிருமி வேர்வரை இறங்கும், அதன் அடியில் வளர்ந்துகொண்டிருக்கிற நிரந்தரப் பல்லின் மொட்டையும் கெடுக்கும். வளர்ந்த நாய்களில் நான் அதிகம் பார்க்கிற உடைசல், மேல்தாடையில் கன்னத்துப் பக்கம் இருக்கிற பெரிய பல்லில். கடினமான பொருளைக் கடிக்கும்போது அதன் வெளிப்பக்கம் ஓடுபோலப் பெயர்ந்து வந்துவிடும். மாதக்கணக்கில் நாய் காட்டிக்கொள்ளாது. ஒரு நாள் கண்ணுக்குக் கீழே வீங்கிச் சீழ் வடியும்போதுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும், அல்லது கையால் வளைக்கும்போது அது வளைந்துகொடுக்க வேண்டும். உங்கள் முழங்காலில் தட்டினால் வலிக்கும் என்று தோன்றுகிற எதுவும் குட்டியின் வாய்க்கு ஆகாது. இந்தச் சோதனையில் மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கல்போன்ற நைலான் எலும்பு எல்லாம் கழிந்துவிடும். நேபாளத்து மலைப்பகுதியில் பாலைத் திரித்து, அழுத்தி, புகையில் காயவைத்துச் செய்கிற சுர்பி என்ற பாலாடைக் கட்டியும் கழிந்துவிடும். அது நல்ல பொருள்தான், உள்ளே பாலும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தவிர வேறில்லை. ஆனால் பல் மாறி முடிந்த நாய்க்கே யோசித்துக் கொடுக்க வேண்டிய அளவுக்கு அது கடினம்.

அந்த வெள்ளை எலும்பு உண்மையில் எலும்பே அல்ல. ராஹைட் என்பார்கள், மாட்டுத்தோலின் உள்ளடுக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோல் எப்படி மாறுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறவைத்து முடி நீக்கி, தோலை அடுக்காகப் பிரிப்பார்கள். மேலடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகிறது. கீழடுக்கை வெளுத்து, முறுக்கி, முடிந்து காயவைத்தால் நீங்கள் வாங்கிவந்த எலும்பு. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, எச்சிலில் ஊறி வழுவழுப்பாகிற அந்த முடிச்சைக் குட்டி மெல்லாமல் முழுசாக விழுங்கும், தொண்டையில் அடைக்கும். இரண்டாவது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இதில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கின்றன. வெளுக்கப் பயன்படுத்திய இரசாயனத்தின் மிச்சம் நாயை மெல்ல நோயாளியாக்குகிறதா என்பது மட்டும் அவ்வளவு உறுதியானதல்ல. 2017 ஜூனில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம், தொழிற்சாலைக் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படுத்துகிற ஒரு கிருமிநாசினி பதப்படுத்தும்போது தோலிலேயே சேர்ந்துவிட்டது என்று தன் ராஹைட் எலும்புகளைத் திரும்பப் பெற்றது, அது நடந்த செய்தி. அதை வைத்து எல்லா ராஹைட்டும் விஷம் என்று சொல்வது மிகை. என் முடிவு அதைச் சார்ந்ததும் இல்லை. தொண்டை அடைப்பு ஒன்றே போதும், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு நான் இதைக் கொடுக்கச் சொல்வதில்லை.

உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார், தெருநாய்கள் எலும்பு தின்று நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நன்றாக இருந்தவை மட்டும்தான் நம் கண்ணெதிரே திரிந்தன. குடல் கிழிந்தது எங்கோ புதருக்குள் போய்ப் படுத்திருக்கும். வேகவைத்த எலும்பு காய்ந்து நொறுங்கும் தன்மையடைகிறது, கடித்தால் சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கிறது, கோழிக்கால் எலும்பில் இதை நீங்களே உடைத்துப் பார்க்கலாம். குழம்பு எலும்பென்றால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து ஊறியிருக்கும், அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆட்டுக்கால் எலும்பை வளையமாக வெட்டிப் போட்டால் இன்னொரு தொல்லை உண்டு. மஜ்ஜையை நக்கும்போது வளையம் கீழ்த்தாடையில் ஏறிக் கோரைப்பல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். மயக்கம் கொடுத்து, வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் இப்படி ஒரு வளையத்தோடு, வலியில் தாடையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே ஒரு நாய் என்னிடம் வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கடையில் உறைபோட்டு விற்கிற பதப்படுத்திய எலும்பும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை இப்படிப்பட்ட எலும்புகளைப் பற்றி சுமார் 68 புகார்கள் வந்தன, அவற்றில் ஏறக்குறைய 15 நாய்கள் இறந்திருந்தன. பச்சை எலும்பு கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. அது சிலாம்பாகப் பிளப்பது குறைவு என்பது உண்மை. ஆனால் பல்லை உடைக்கும், கிருமியைக் கொண்டுவரும். தரையில் தவழ்கிற குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீட்டில் நான் அதற்குச் சம்மதிப்பதில்லை.

எலும்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் வீடுகளில் நடக்கிற வேறு இரண்டு ஆபத்துகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் கவலை. மாங்கொட்டை ஒன்று. மே, ஜூன் மாதங்களில் குடலடைப்புக்காக நான் வயிற்றைத் திறந்த நாய்களில் பலவற்றில் கையில் வந்தது மாங்கொட்டைதான். இனிப்பாக, வழுக்கலாக இருப்பதால் குட்டி அதைக் கடிப்பதற்குப் பதில் விழுங்குகிறது, கொட்டை செரிக்காது, குடலுக்குள் நகராது. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் வீசுகிற பழக்கத்தை இந்த ஆண்டு மட்டுமாவது நிறுத்துங்கள். மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான், மணி உதிர்த்த பிறகு கடிக்க வசதியாகத் தெரியும், துண்டாகக் கடித்து விழுங்கினால் வாரக்கணக்கில் வயிற்றிலேயே கிடக்கும். இன்னொன்று புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்தது. காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021 முதல் ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். புளியிலும் அதே அமிலம் உண்டு. 2022இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களையும் இதோடு இணைத்துக் காட்டுகிறது. எவ்வளவு புளி எந்த நாயைப் பாதிக்கும் என்ற கணக்கு இன்னும் வகுக்கப்படவில்லை. கணக்கு வரும்வரை புளியம்பழத்தைக் கடிக்கக் கொடுப்பது, புளிச்சோற்று மிச்சத்தை வைப்பது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

சரி, எதைக் கொடுப்பது? பல் மாறுகிற இந்த மூன்று நான்கு மாதத்துக்குக் குளிர்ச்சியும் மென்மையும்தான் தேவை, விலை அல்ல. பழைய பருத்தித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கி, முடிச்சிட்டு, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொடுங்கள். ஈறு வீங்கியிருக்கிற குட்டிக்கு இதைவிட இதமான ஒன்று எனக்குத் தெரியாது. ஆனால் துண்டைப் பிய்த்து நூலை விழுங்குகிற குட்டிகளும் உண்டு. நீளமான நூல் குடலை மாலைபோலச் சுருக்கி அறுத்துவிடும் என்பதால் நீங்கள் எதிரே இருக்கும்போது மட்டும் கொடுங்கள், நூல் பிரிந்தால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள். கேரட் நல்லது. வட்டவட்டமாக வெட்டாதீர்கள், தொண்டையில் போய் நிற்கிற அளவு அதுதான். பெரிய, தடித்த கேரட்டை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து முழுசாகக் கொடுத்து, குட்டி விழுங்கக்கூடிய அளவுக்குக் குட்டையானதும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் மலத்தில் ஆரஞ்சு நிறத் துணுக்குகள் தெரிந்தால் அது நோயல்ல. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து நீளமாக அரிந்து, வளையும் பதத்துக்கு உலர்த்தியும் கொடுக்கலாம்.

ஒரு மணி நேரம் என்று கேட்டீர்களே, அதற்கு உள்ளே குழிவான ரப்பர் பொம்மைதான். குட்டிகளுக்கென்றே மென்மையான ரப்பரில் தனியாக வருகிறது, வளர்ந்த நாய்க்கான கறுப்பு நிறக் கெட்டி ரகம் இப்போது வேண்டாம். குட்டியின் வாய்க்குள் முழுசாகப் போக முடியாத அளவாக இருக்க வேண்டும். லேப்ரடார் வாரத்துக்கு வாரம் வளர்கிறது, ஆகவே இன்றைக்குப் பொருந்துவதைவிட ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். பொம்மையில் ஓட்டை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓட்டை என்றால், நக்கி நக்கி உள்ளே காற்று இழுபட்டு நாக்கு சிக்கி வீங்கிவிடும். இது அபூர்வம், ஆனால் நடந்தால் மிகக் கொடுமை. உள்ளே தாளிக்காத தயிர்சாதத்தையோ, வேகவைத்துப் பிசைந்த பூசணிக்காயையோ, குட்டியின் வழக்கமான உணவை வெந்நீரில் குழைத்தோ அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததை நக்கித் தீர்க்க அதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். முதல் நான்கைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரைப் பிய்க்கிறதா என்று பாருங்கள். பிய்க்கவில்லை என்றால் நீங்கள் கணினி முன் உட்காரலாம், குட்டி உங்கள் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கிற வகைகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், மிகச் சிறிய அளவிலேயே அது நாயின் இரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பொருட்பட்டியலைப் படிக்காமல் ஒரு ஸ்பூன்கூட வைக்காதீர்கள்.

கடையில் விற்கிற மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் சுத்தத்துக்கு என்று வருகிற குச்சிகளில் சில உண்மையாகவே காரை படிவதைக் குறைக்கின்றன. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய கால்நடை வாய்நலக் குழு அப்படி நிரூபித்தவற்றுக்கு முத்திரை தருகிறது. ஆனால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல்தான் என்று உறையிலேயே எழுதியிருப்பார்கள், அதுவரை பொறுங்கள். கால்சியம் போன் என்ற பெயரில் வருகிற வெள்ளைக் குச்சிகளை வளரும் குட்டிக்கு நல்லது என்று நம்பி அள்ளிக் கொடுக்கிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற நம்பிக்கை. பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியத்தை உடலுக்குள் விடாமல் தடுத்துக்கொள்ளும் திறன் இந்த வயதில் இல்லை, மிகையானது எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். குட்டிகளுக்கான முழு உணவு சாப்பிடுகிற லேப்ரடாருக்குத் தனிக் கால்சியம் தேவையே இல்லை. காய்ந்த கோழிக்கறித் துண்டுகளில் ஒரு பழைய கதை உண்டு. 2007 முதல் 2015 முடிய அமெரிக்காவில் 6,200க்கும் மேற்பட்ட நாய்கள் இவற்றைத் தின்று நோயுற்றதாகவும் 1,140க்கும் மேல் இறந்ததாகவும் புகார்கள் பதிவாயின, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த பொருள்கள். எத்தனையோ பரிசோதனைகள் செய்தும் ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. உள்ளூரில் கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து நீங்களே கொடுக்கும்போது அந்தச் சந்தேகத்தை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்? பன்றிக்காது 2019இல் அங்கே 154 பேருக்கு, நாய்களுக்கல்ல, மனிதர்களுக்குச் சால்மோனெல்லா பரப்பியது, ஆகவே எந்த விலங்குப் பகுதியைக் கொடுத்தாலும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எதுவாயினும் ஒரு நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வாயிலிருந்து ஒன்றைப் பறிக்கும்போதுதான் பல குட்டிகள் அவசரத்தில் விழுங்குகின்றன. துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். அதைவிட ருசியான ஒன்றை மூக்கருகே காட்டி, கீழே போட்டதும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழையதையே திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் நமக்கு நஷ்டமில்லை என்று குட்டி இந்த வயதில் கற்றுக்கொண்டால், பின்னாளில் முப்பது கிலோ நாயின் வாயிலிருந்து கோழி எலும்பை எடுப்பது எளிதாக இருக்கும். சார்ஜர் ஒயரை மட்டும் பழக்கத்துக்கு விடாதீர்கள், கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். விளையாட்டில் பல் பட்டு யாருக்காவது தோல் கீறினால், சொந்தக் குட்டிதானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரைக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் போடுவது, போட்டாயிற்றா என்று பாருங்கள்.

நான் உங்கள் குட்டியைப் பார்க்கவில்லை. அதன் கடியின் வேகம், ஈறின் நிலை, ஏதாவது ஒவ்வாமை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் தெரியாது, ஆகவே மேலே சொன்னவற்றில் எதையும் உங்கள் மருத்துவர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற ட்ரீட் பாக்கெட்டுகளையும் பொம்மைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் பரப்புங்கள், பத்து நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவார். அப்படியே வாயைத் திறந்து, கீழ்க்கோரைப்பல் மேலண்ணத்தில் குத்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு மாதம் ஆனதும் இன்னொரு முறை காட்டுங்கள், பால்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் அப்போதே எடுத்துவிட வேண்டும்.